கண்ணாடியம்மா

மஸ்கட்
6.6.86

அன்புள்ள மாமாவுக்கு,

காமாட்சி எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, வெயில்தான் ஆளைக் கொல்கிறது. உங்கள் முதுகுப் பிடிப்பு விட்டதா? நம் பாப்பாவுக்குச் சளி நின்றதா? அவளைப் பார்த்துக்கொள்ளும் கண்ணாயியையும், அவள் வீட்டுக்காரர் அங்கப்பனையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நீங்கள் சிரிக்கக் கூடாது. சிரித்தாலும் அதை எனக்கு எழுதக் கூடாது.

எங்கள் நர்ஸ் ஹாஸ்டலில், எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்க்கும் கோவாக்காரம்மா ஒருத்தர் இருக்கிறார். அவர் பெயர் எங்கள் வாயில் நுழைவதில்லை, எல்லோரும் எக்ஸ்ரேயம்மா என்றுதான் சொல்வோம். இருந்த இடத்திலிருந்தே தூரத்தில் இருப்பதைப் பார்க்கிற பழக்கம் அவருக்கு உண்டு. தூரப் பார்வை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜோசியம் இல்லை, மை போட்டுப் பார்ப்பதும் இல்லை. ஒரு தாளும் பென்சிலும் போதும். வெள்ளிக்கிழமை எங்களுக்கு லீவு. நாலைந்து பேர் அவர் அறையில் உட்கார்ந்து பழகுகிறோம்.

முறை என்னவென்றால், மனசு தூரத்தில் இருக்கும் பொருளை அதன் பெயரோடு பார்க்காதாம். முதலில் ஒரு மூல உருவமாகத்தான் பார்க்குமாம். எல்லா ஊர் மனுஷருக்கும் கனவில் வருகிற உருவங்கள்: தாய், பிள்ளை, கிழவன், வாசல், கிணறு, மலை, மரம், பாம்பு, தீ, பறவை. கண்ணை மூடியதும் இதில் எது வருகிறதோ அதை எழுத வேண்டும். பிறகு அதைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்க வேண்டும். சூடா, குளிர்ச்சியா, உருண்டையா, தட்டையா, அசைகிறதா, வாசனை உண்டா. ஒரே ஒரு கட்டுப்பாடு, அவசரப்பட்டுப் பெயர் வைக்கக் கூடாது. பாம்பு வந்தால் அது கயிறாகவும் இருக்கலாம், ரோடாகவும் இருக்கலாம். தாய் வந்தால் அது யாரென்று கேட்கக் கூடாது. பெயர் வைத்த உடனே பார்வை கெட்டுவிடும் என்கிறார்.

நீங்கள் செய்ய வேண்டியது சின்ன வேலைதான். வெள்ளிக்கிழமை தோறும் பத்து மணிக்கு நம் வீட்டு மேஜை மேல் ஏதாவது ஒரு சாமானை வையுங்கள். என்ன வைத்தீர்கள் என்று முன்கூட்டிச் சொல்லாதீர்கள். நான் பார்த்ததை எழுதுகிறேன், சரியா தப்பா என்று நீங்கள் சொல்லுங்கள்.

இது விளையாட்டு இல்லை, மாமா. இன்னும் இரண்டு வருஷம் வேலை பார்க்கக் கையெழுத்துப் போடுகிறாயா என்று எங்கள் ஆஸ்பத்திரி மேட்ரன் கேட்கிறாள். டிசம்பர் முடிவதற்குள் சொல்ல வேண்டும். போட்டால் மாரமங்கலம் ரோட்டில் நாம் பார்த்து வைத்த இடத்தில் வீடு எழும்பிவிடும். போடாவிட்டால் மார்ச்சில் ஊருக்கு வந்துவிடுவேன், வீடு பேச்சோடு நிற்கும். போன வாரம் பாப்பாவின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். நீங்கள் அனுப்பிய போட்டோதான் நினைவுக்கு வந்தது, முகம் வரவில்லை. பத்து மாதக் குழந்தையாக விட்டு வந்தேன், இப்போது எப்படி இருப்பாளோ. இங்கிருந்தே நம் வீட்டை என்னால் நிஜமாகப் பார்க்க முடிந்தால் இன்னும் இரண்டு வருஷம் தாங்கிவிடுவேன். முடியாவிட்டால் கிளம்பிவிடுகிறேன். இதுதான் எனக்கு நானே வைத்துக்கொண்ட பரீட்சை.

பாப்பாவுக்கு என் முத்தம்.

உங்கள்
காமாட்சி

⁂

வாழவந்தி
22.6.86

நர்ஸம்மாவுக்கு,

பொன்னுவேல் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌகரியம். முதுகுப் பிடிப்பு விட்டு, இப்போது கழுத்துக்கு ஏறியிருக்கிறது. மழை பிடித்துக்கொண்டதால் துணி காயவில்லை. எஸ்டேட் ரைட்டர் (வேறு யார், நான்தான்) வீட்டுக் கொடியில் நாலு நாளாக ஒரே வேட்டி தொங்குகிறது என்று ஊரே பேசுகிறது.

நீ சொன்னபடி சிரிக்கவில்லை. எக்ஸ்ரே எடுக்கிறவருக்கு எலும்பு வரைக்கும் தெரியும்போது ஏற்காடு தெரியாதா என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். ஒன்று சொல்கிறேன். நான் பக்கத்து அறையில் தொலைத்த கண்ணாடிக் கூட்டையே நீதான் தேடித் தருவாய். மஸ்கட்டிலிருந்து பார்ப்பதா உனக்குக் கஷ்டம்?

வெள்ளிக்கிழமை காலையில் ஆள் பேர் எழுதி, அவரவரை வேலைக்கு அனுப்பிவிட்டு, பத்து மணிக்கு ஆபீஸிலிருந்து வீட்டுக்கு வந்து போகிறேன். எஸ்டேட் துரை தடுப்பதில்லை, காப்பிக்கு என்று நினைத்துக்கொள்கிறார். மேஜை மேல் சாமானை வைத்துவிட்டு எதிரே அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். பிறகு அதை எடுத்து வைத்துவிட்டு ஆபீஸுக்குப் போய்விடுவேன். சும்மா சொல்லக் கூடாது, அந்த அரைமணி நேரம் நன்றாக இருக்கிறது. நீ எதிரில் உட்கார்ந்திருக்கிற நினைப்பு வருகிறது.

பாப்பா நன்றாக வளர்கிறாள். சளி போய்விட்டது. நிறையப் பேசுகிறாள். கண்ணாயி பொழுது விடிந்ததும் வந்துவிடுகிறாள், சாயங்காலம் நான் வந்த பிறகுதான் போகிறாள். அவளைப் பற்றி நீ கவலைப்பட வேண்டியதே இல்லை.

அலமாரியில் இருக்கும் உன் போட்டோவில் எறும்பு மொய்க்கிறது. கண்ணாடி மேல் எப்போதும் ஏதோ பிசுக்கு. துடைத்து வைத்தால் மறுநாளே வந்துவிடுகிறது. உன் இனிப்பு எறும்புக்கும் தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு.

பொன்னுவேல்

⁂

மஸ்கட்
11.7.86

மாமாவுக்கு,

கழுத்துக்கு நல்லெண்ணெய் காய்ச்சித் தேயுங்கள், கிண்டல் பண்ணிக்கொண்டே இருந்தால் வலி போகாது. நான் நலமாக இருக்கிறேன். நீங்கள் உட்கார்ந்திருப்பதை எழுதியிருந்தீர்களே, அதை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன்.

மூன்று வெள்ளிக்கிழமை பார்த்தாகிவிட்டது. பெயர் எதுவும் வைக்காமல், வந்ததை வந்தபடி எழுதுகிறேன்.

முதல் தடவை மரம் வந்தது. நிற்கிற மரம் இல்லை, படுக்கையாக, தலைக்கு மேலே இருந்தது. அதிலிருந்து பாதி நிலா மாதிரி ஒன்று தொங்கியது. மெதுவாக அசைந்தது.

இரண்டாம் தடவை கிணறு. சின்னது. உள்ளே வெள்ளை. தொட்டால் சூடு. நெய் வாசனை அடித்தது. வாசனை வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது, அதோடு பார்வை போய்விட்டது.

மூன்றாம் தடவை தாய். வேறு எதுவும் வரவில்லை. உட்கார்ந்திருக்கிற தாய். யாரென்று நான் கேட்கவில்லை. தாய் என்றால் அனேகமாக வீடுதான், இல்லாவிட்டால் நிழலோ சாப்பாடோ என்கிறார் எக்ஸ்ரேயம்மா.

நீங்கள் என்ன வைத்தீர்கள்? மறைக்காமல் எழுதுங்கள். பாப்பா என்னென்ன பேசுகிறாள் என்று நீங்கள் எழுதவே இல்லையே. "அம்மா" சொல்கிறாளா?

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
காமாட்சி

⁂

வாழவந்தி
27.7.86

காமாட்சிக்கு,

நலம். நல்லெண்ணெய் தேய்த்தேன், இப்போது ஆபீஸ் முழுக்க என் வாசனைதான். நீ எப்படி இருக்கிறாய்? வெயில் குறைந்ததா?

உன் மூன்று பார்வைக்கும் பதில் எழுதுகிறேன். முதல் வெள்ளி நான் வைத்தது குடை. யோசித்துப் பார், குடைக்கம்பு மரம்தானே. அதன் பிடி வளைந்து பாதி நிலா மாதிரிதான் இருக்கும். இரண்டாவது வெள்ளி வைத்தது பித்தளைப் படி. படியின் வாயைப் பார்த்தால் சின்னக் கிணறுதான். வெள்ளையும் சூடும் எப்படி வந்ததென்று தெரியவில்லை, வெயில் பட்டிருக்கலாம். மழைக்காலத்தில் ஏது வெயில் என்று குறுக்குக் கேள்வி கேட்காதே. மூன்றாவது சாவிக் கொத்து. வீட்டுச் சாவி தாய் கையில்தானே இருக்கும்? ஆக மூன்றும் சரியென்றே நான் வைத்துக்கொள்கிறேன். நான் வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவன்.

பாப்பா பூனையைப் "பூ" என்கிறாள். என்னை "அப்போவ்" என்று தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரிக் கூப்பிடுகிறாள். மழையைப் பார்த்துப் "போ, போ" என்கிறாள். இன்னும் என்னென்னவோ சொல்கிறாள், எழுத உட்கார்ந்தால் ஞாபகம் வருவதில்லை.

பலா பழுத்துவிட்டது. உன் பங்கையும் நானே சாப்பிட்டேன்.

பொன்னுவேல்

⁂

வாழவந்தி
10.8.86

ஆத்தூரில் இருக்கும் அக்கா அத்தாயிக்குத் தம்பி பொன்னுவேல் வணக்கத்தோடு எழுதுவது.

உங்களுக்கும் மாமாவுக்கும் உடம்பு தேவலையா? இங்கே நானும் குழந்தையும் சுகம்.

மனசில் இருப்பதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருக்கிறது, அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். பாப்பா கண்ணாயியை "அம்மா" என்று கூப்பிடுகிறாள். நாலு மாதமாகவே இப்படித்தான். கண்ணாயி எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டாள். பசித்தால் சோறு போட்டு, தூக்கம் வந்தால் தூளி ஆட்டுகிறவள் அவள். குழந்தை வேறு எப்படிக் கூப்பிடும்? காமாட்சி கேட்டு எழுதியிருக்கிறாள், "அம்மா" சொல்கிறாளா என்று. நான் பூனையைப் பற்றி எழுதி அனுப்பிவிட்டேன்.

அவள் அங்கே தூரத்திலிருந்து வீட்டைப் பார்க்கிற பழக்கம் ஒன்று கற்றுக்கொண்டிருக்கிறாள். அவள் எழுதுவதற்கும் நான் மேஜையில் வைப்பதற்கும் சம்பந்தமே இல்லை அக்கா. இழுத்துப் பிடித்து ஒட்ட வைக்கிறேன். தப்பென்று எழுதினால் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவாள். வரட்டும் என்றுதான் எனக்கும் இருக்கிறது. ஆனால் அவள் ஆசைப்பட்ட வீட்டை ஒரு சாவிக் கொத்தை வைத்து நான் கெடுத்தது மாதிரி ஆகிவிடுமே. சரியென்று எழுதினால் இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே இருப்பாள். அதற்குள் குழந்தைக்கு அஞ்சு வயசாகிவிடும். எந்தப் பக்கம் எழுதினாலும் எனக்குத் தூக்கம் இல்லை.

போன தடவை அவளுக்குத் "தாய்" வந்ததாம். அவளுக்குத் தெரிந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.

ஆயுத பூஜைக்கு வர முடியுமா என்று எழுதுங்கள்.

தம்பி
பொன்னுவேல்

⁂

மஸ்கட்
12.9.86

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்களும் பாப்பாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு இரண்டு நாள் காய்ச்சல் வந்து போய்விட்டது, பயப்பட வேண்டாம்.

குடையும் படியும் சாவியும் என்று நீங்கள் எழுதியதை எக்ஸ்ரேயம்மாவிடம் சொன்னேன். முதல் இரண்டும் பரவாயில்லை, சாவிதான் கொஞ்சம் இடிக்கிறது என்றார். உன் வீட்டுக்காரர் நல்லவர் என்றும் சொன்னார். ஏன் அப்படிச் சொன்னார் என்று தெரியவில்லை.

அதன் பிறகு பார்த்ததில் ஒன்றை மட்டும் எழுதுகிறேன், மற்றதெல்லாம் மங்கல். இந்த ஒன்று மூன்று வெள்ளிக்கிழமை திரும்பத் திரும்ப வந்தது. இரண்டு தாய் வந்தார்கள். ஒருத்தி சூடு, பெரியவள், அசைகிறாள். இன்னொருத்தி தட்டை. குளிர்ச்சியாக, அசையாமல் இருக்கிறாள். அவள் மேல் ஏதோ ஒட்டியிருக்கிறது. இரண்டு பேருக்கும் நடுவில் பிள்ளை. பிறகு பறவை வந்தது. தாய்ப்பறவை குஞ்சுக்கு இரை கொடுக்குமே, அது. ஆனால் மாமா, இதில் குஞ்சுதான் தாய்க்குக் கொடுக்கிறது. தட்டையான தாய் வாங்கிக்கொள்ளவில்லை.

படம் தலைகீழாக வந்துவிட்டது, புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அப்படி வருவதுண்டு என்றார் எக்ஸ்ரேயம்மா. இரண்டு தாய் என்பது நானும் வீடும்தானாம். சூடாக இருப்பது வீடு, தூரத்தில் இருக்கிற நான்தான் குளிர்ச்சி. கேட்பதற்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் நம் வீட்டுக்குள் ஏதோ ஒரு மூலையில் நானும் இருக்கிறேன் என்று தெரிகிறதே. அது போதும் எனக்கு. கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று நினைத்திருக்கிறேன்.

நீங்கள் என்ன வைத்திருந்தீர்கள்? உடனே எழுதுங்கள்.

காமாட்சி

⁂

மஸ்கட்
21.11.86

மாமாவுக்கு,

நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்டு நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. காப்பிப் பழம் பறிக்கிற சமயம், எஸ்டேட்டில் மூச்சு விட நேரம் இருக்காது என்று எனக்கும் தெரியும். ஒரு வரி எழுதக் கூடவா நேரமில்லை?

நான் இப்போது வெள்ளிக்கிழமைகளில் உட்காருவதில்லை. உட்கார்ந்தால் ஒன்றும் வருவதில்லை, உங்கள் கடிதம் வரவில்லையே என்பதுதான் வருகிறது. மேட்ரன் லீவு முடிந்து டிசம்பர் கடைசியில் வருகிறாள். வந்ததும் கையெழுத்து.

நான் பார்த்ததில் ஏதாவது உங்கள் மனசைப் புண்படுத்திவிட்டதா? அப்படி இருந்தால் அதையாவது எழுதுங்கள். பாப்பாவை என் கண்ணு என்று சொல்லிக் கொஞ்சுங்கள்.

காமாட்சி

⁂

வாழவந்தி
5.12.86
வெள்ளிக்கிழமை

என் காமாட்சிக்கு,

நானும் பாப்பாவும் நன்றாக இருக்கிறோம். முதலில் அதைத் தெரிந்துகொள். உன் மூன்று கடிதமும் வந்தன. எழுதாததற்குக் காப்பிப் பழத்தைச் சாக்குச் சொல்ல மாட்டேன். இரண்டு தாய் என்று நீ எழுதியதைப் படித்த பிறகு எனக்குக் கை ஓடவில்லை. ஏன் என்று இப்போது சொல்கிறேன், ஆற அமரப் படி.

போன வெள்ளிக்கிழமை வழக்கம்போல் பத்து மணிக்கு ஆபீஸிலிருந்து வீட்டுக்கு ஓடினேன். ஒன்றும் எழுதாவிட்டாலும் சாமான் வைப்பதை நான் நிறுத்தவில்லை. வழியில் எஸ்டேட் லாரி டிரைவர் மரியஜோசப் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க ரைட்டரே, எங்கீங்க இப்புடி ஓடறீங்க?"

"வெள்ளிக்கிழமைங்க. மணி பத்தாச்சு. ஊட்டுக்காரி மஸ்கட்ல உக்காந்திருப்பா."

"மஸ்கட்ல இப்ப எட்டரைதானுங்களே. என்ற தம்பி அங்கதான் இருக்கறான். நாம ஒரு வேலைய முடிச்சு ரெண்டாவது வேலைக்குப் போறப்பத்தான் அவங்க பல்லே வெளக்குவாங்க."

நான் அங்கேயே நின்றுவிட்டேன். காமாட்சி, நீ பத்து என்றது உன் பத்து. நான் உட்கார்ந்தது என் பத்து. நூறு ஆள் கணக்கைத் தப்பில்லாமல் எழுதுகிறவன், ஊருக்கு ஊர் கடிகாரம் மாறும் என்பதை மறந்து ஆறு மாதமாக வீணாக மேஜை முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். நீ பார்க்க உட்காரும்போது இங்கே பதினொன்றரை. அந்த நேரத்தில் நான் ஆபீஸில் இருப்பேன். என் குடையும் சாவியும் எடுத்து வைத்து வெகு நேரம் ஆகியிருக்கும்.

அப்படியானால் பதினொன்றரைக்கு வீட்டில் என்ன நடக்கிறது? எனக்கே தெரியாது. இன்றைக்கு அந்த நேரத்துக்குப் போனேன். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சத்தம் போடாமல் ஜன்னல் ஓரமாக நின்று பார்த்தேன்.

கண்ணாயி தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பாப்பா. எதிரே கிண்ணத்தில் பருப்பும் நெய்யும் போட்டுப் பிசைந்த சோறு, ஆவி பறந்துகொண்டிருந்தது. உத்திரத்தில் தூளி கட்டித் தயாராகத் தொங்கியது, காற்றுக்கு லேசாக ஆடியது. அலமாரியில் இருக்க வேண்டிய உன் போட்டோ கீழே இறங்கி, சுவரில் சாய்ந்து, பாப்பாவின் உயரத்துக்கு உட்கார்ந்திருந்தது.

"சாமிக்கு ஒரு வாயி" என்று கண்ணாயி ஊட்டினாள். பாப்பா வாங்கிக்கொண்டாள். பிறகு தானே கிண்ணத்தில் கையை விட்டு ஒரு பிடி சோற்றை எடுத்துக்கொண்டு போட்டோவிடம் போனாள். "கண்ணாடியம்மா, ஆ" என்றாள். உன் வாயில் அப்பினாள். சோறு கண்ணாடியில் வழிந்து கீழே விழுந்தது. அவள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. திரும்பி வந்து அடுத்த வாய் வாங்கிக்கொண்டாள், உனக்கும் அடுத்த வாய் கொண்டுபோனாள். நான் ஆறு மாதமாகத் துடைத்துக்கொண்டிருந்த பிசுக்கு இதுதான்.

என்னைப் பார்த்ததும் கண்ணாயி பதறிப்போனாள். "நொம்ப நாளா இப்புடித்தானுங்க. நீங்க வையுவீங்களோன்னு சொல்லலைங்க. பாப்பா என்னையத்தான் அம்மாங்குது, வாண்டாங் கண்ணுன்னாலும் கேக்கமாட்டீங்குது. பெத்தவ மூஞ்சி மறந்துபோச்சுன்னா பாவமில்லைங்களா? அதுதான் போட்டாவ எறக்கி, இவங்களும் அம்மாதாஞ் சாமின்னு சொல்லிக் குடுத்தேன். சோறூட்டறது அதுவா கத்துக்கிச்சுங்க."

நீ கேட்டதற்குப் பதில் இதுதான். பாப்பா "அம்மா" சொல்கிறாள். கண்ணாயியைச் சொல்கிறாள். உன்னைக் கண்ணாடியம்மா என்கிறாள். இதை எழுத முடியாமல்தான் பூனையைப் பற்றி எழுதினேன்.

நீ ஒன்றையும் தப்பாகப் பார்க்கவில்லை. படுத்திருக்கும் மரமும் பாதி நிலாவும், நெய் வாசனை அடிக்கும் கிணறும், இரண்டு தாயும் அப்படியே இருந்தார்கள். குஞ்சு தாய்க்கு ஊட்டியதும் தலைகீழ் இல்லை. உன் பரீட்சையில் நீ ஜெயித்துவிட்டாய். சரியாகப் பார்த்தால் அங்கேயே இருப்பேன் என்றாய், அதை நான் மறக்கவில்லை. ஆனாலும் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், எனக்கு நீ வேண்டும். வீடு மெதுவாக வரட்டும். இதற்கு மேல் உன் இஷ்டம்.

பொன்னுவேல்

⁂

மஸ்கட்
26.12.86

என் மாமாவுக்கு,

காமாட்சி எழுதுவது. உடம்பு சுகம். மனசைப் பற்றி இப்போது கேட்காதீர்கள், சொல்லத் தெரியவில்லை.

உங்கள் கடிதத்தை டியூட்டியில் இருக்கும்போது பிரித்துவிட்டேன். பாதி படித்துவிட்டு மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கண்ணாடியம்மா என்பது வரைக்கும் நன்றாகத்தான் படித்தேன். "சோறு கண்ணாடியில் வழிந்து கீழே விழுந்தது" என்று எழுதியிருந்தீர்களே, அதற்குமேல் முடியவில்லை. ஆறு மாதமாக என் பிள்ளை எனக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறாள், நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

கடிகார விஷயத்தில் உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நேரத்துக்கு மருந்து கொடுக்கிற நர்ஸுக்கும்தானே தோன்றவில்லை. பத்து மணி என்றால் என்னுடைய பத்து என்று உங்களுக்குத் தெரியாதா என்ன என்று நினைத்துவிட்டேன். நாம் இரண்டு பேரும் எப்போதும் இப்படித்தான்.

எக்ஸ்ரேயம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை வருஷத்தில் இவ்வளவு தெளிவாக ஒருத்தரும் பார்த்ததில்லை என்று என் தாள்களை வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு, "நீ பெயர் வைக்காமல் பார்த்தாய், பெயர் வைத்துத் தப்புப் பண்ணியது நான்தான்" என்றார். வீடு, தூரம் என்று என்னென்னவோ சொன்னேனே, அது வெறும் தாய்தானே என்றார். மேட்ரனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மார்ச் மாதம் வருகிறேன். பரீட்சை வைத்தவள் நான்தானே, முடிவை மாற்றவும் எனக்கு உரிமை உண்டு. இவ்வளவு நன்றாகத் தெரிந்த பிறகு இங்கே எப்படி உட்கார்ந்திருப்பது?

போட்டோவை அலமாரியில் ஏற்றாதீர்கள். கீழேயே இருக்கட்டும். துடைக்கவும் வேண்டாம், எறும்பு தின்றால் தின்னட்டும்.

இனி எழுதுவதைக் கண்ணாயிக்கு வாசித்துக் காட்டுங்கள்.

கண்ணாயி அக்கா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். பாப்பா உங்களை அம்மா என்று கூப்பிடுவதை நிறுத்தப் பார்க்காதீர்கள், நான் வந்த பிறகும் வேண்டாம். அவள் வாய்க்கு எது வருகிறதோ அதுவே இருக்கட்டும். நான் வருகிறேன் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, "இதா பாரு, உங்கம்மா" என்று என் கையில் தூக்கிக் கொடுக்காதீர்கள். பயந்துவிடுவாள். நீங்கள் சோறு ஊட்டுகிற நேரத்துக்கு நான் போட்டோவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறேன். அதற்கு மட்டும் எனக்கு இடம் கொடுங்கள்.

இங்கிருந்து எழுதுவது இதோடு முடிந்தது, மற்றதை நேரில் பேசுவோம்.

காமாட்சி

⁂

வாழவந்தி
27.3.87

அக்கா அத்தாயிக்கு,

எல்லோரும் சுகம். உங்கள் முழங்கால் வலிக்குக் காமாட்சி ஒரு தைலம் கொண்டுவந்திருக்கிறாள், அடுத்த வாரம் கொடுத்தனுப்புகிறேன்.

அவள் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. நீங்கள் கேட்டதற்காக நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன். முதல் நாள் ஒண்டிக்கடை ஸ்டாப்பில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது பாப்பா கண்ணாயி தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். காமாட்சி எட்டிக் கூடத் தொடவில்லை. பொம்மையைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று நான் சொன்னதற்கு, "சும்மா இருங்க மாமா" என்று அடக்கிவிட்டாள். தினமும் சோற்று நேரத்துக்குச் சுவரோரம் போட்டோவுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்காருவாள். பேச மாட்டாள். பாப்பா கண்ணாடிக்கு ஊட்டுவாள், இவளை ஓரக்கண்ணால் பார்ப்பாள், ஓடிவிடுவாள். ஒரு வாரம் இப்படியே போனது. ராத்திரி காமாட்சி அழுதாள், பகலில் மறுபடி அதே இடத்தில் போய் உட்கார்ந்தாள். அவளை ஒட்டி உட்காரக் கண்ணாயிக்குச் சங்கடமாக இருந்தது, அவளும் அழுதாள்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. நான் பதினொன்றரைக்கு வீட்டுக்கு வந்தேன். பாப்பா வழக்கம்போல் ஒரு பிடி சோற்றை எடுத்துக்கொண்டு கண்ணாடிக்குப் போனாள். "ஆ" என்றாள். சோறு வழக்கம்போல் வழிந்து கீழே விழுந்தது. அடுத்த பிடியை எடுத்துக்கொண்டு வந்தவள், நடுவில் நின்றுவிட்டாள். போட்டோவைப் பார்த்தாள், பக்கத்தில் இருக்கிறவளைப் பார்த்தாள். மறுபடி போட்டோவைப் பார்த்தாள். பிறகு கையைக் காமாட்சி பக்கம் நீட்டினாள்.

காமாட்சி வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள், மென்றாள். பாப்பா அவள் வாயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, தொண்டை ஏறி இறங்குவது வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் கண்ணாயியிடம் ஓடி, அவள் சேலையைப் பிடித்து இழுத்துச் சொன்னாள்.

"அம்மா, கண்ணாடியம்மா முழுங்கிருச்சு."

தம்பி
பொன்னுவேல்